அடுத்த வியாழன் தளம் போடுறோம், வயரிங் பைப் எப்படி வச்சா பின்னாடி சுவத்தை உடைக்க வேண்டாம்? (சேலம்)

கன்னங்குறிச்சி வீடு:

வணக்கம்ங்க. கன்னங்குறிச்சில சொந்தமா வீடு கட்டிட்டு இருக்கோம், 30க்கு 40 மனை, கீழ ஒண்ணு மேல ஒண்ணு. சுவர் ஏறியாச்சு, சென்ட்ரிங் அடிச்சு கம்பி கட்டிட்டு இருக்காங்க, அடுத்த வியாழக்கிழமை தளம் போட்டுடலாம்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. வயர்மேன் அண்ணன் திங்கட்கிழமை வந்து பேன் பாக்ஸ், பைப் எல்லாம் வைப்பாரு. அதுக்குள்ள ஒரு முடிவுக்கு வரணும், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

நான் ஏன் இவ்ளோ யோசிக்கிறேன்னா எங்கப்பா கட்டுன வீடுதான் காரணம். அம்மாபேட்டைல 1998ல கட்டுனது. அன்னைக்கு தேவைக்கு வயரிங் நல்லாத்தான் பண்ணாங்க, ரூமுக்கு ஒரு போர்டு, ஹால்ல டிவிக்கு ஒரு பிளக், ஒரு போன் சாக்கெட், அவ்ளோதான். அப்புறம் கேபிள் டிவி வயர் ஜன்னல் வழியா உள்ள வந்துச்சு. 2008க்கு மேல கரண்ட் கட் அதிகமானப்ப இன்வெர்ட்டர் வாங்குனோம், அதுக்கு சுவத்தை வெட்டுனாங்க. ஏசி வாங்குனப்ப மறுபடி வெட்டுனாங்க. பிராட்பேண்ட் வந்தப்ப அப்பா இனிமே சுவத்துல கை வைக்க விட மாட்டேன்னுட்டாரு, அதனால வெள்ளை கேசிங் பட்டி அடிச்சு அதுக்குள்ள ஓட்டுனோம். இப்ப அந்த ஹால்ல உக்காந்து பார்த்தா வெட்டிப் பூசின இடம் எல்லாம் தனியா தெரியும், எத்தனை தடவை பெயிண்ட் அடிச்சும் கலர் சேரல. போன வருஷம் அம்மாவுக்கு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிக் கொடுத்தேன், சமையக்கட்டு போர்டுல மிக்ஸி போடுற பிளக்லயே மாத்திப் போட்டு ஓட்டுனதுல சாக்கெட் உருகி கருகிப் போச்சு. நல்லவேளை அம்மா பக்கத்துலயே நின்னாங்க.

நம்ம வயர்மேன் அண்ணன் நல்ல மனுஷன், கை சுத்தம். ஆனா எல்லா இடத்துக்கும் முக்கா இன்ச் பைப் போதும் தம்பி, 20 வருஷமா அப்படித்தான் போடுறேன்னு சொல்றாரு. எனக்கு ஸ்மார்ட் ஹோம் எல்லாம் இப்பவே வேணும்னு ஆசை இல்ல. எலக்ட்ரிக் கார் வாங்குவேனா, மாடில சோலார் வைப்பேனா, அதுவும் இப்ப தெரியாது. என்ன வந்தாலும் சுவத்தை உடைக்காம மாத்திக்கிற மாதிரி இருக்கணும், அவ்ளோதான். தளம் போடுறதுக்கு முன்னாடி கட்டாயம் பண்ண வேண்டியது எது, பின்னாடி பார்த்துக்கலாம்னு விடக்கூடியது எது, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


செவ்வாப்பேட்டை வயர்மேன்:

தம்பி, சரியான நேரத்துல கேட்டுட்டீங்க. காங்கிரீட் போட்டதுக்கு அப்புறம் கேட்டிருந்தா பாதி விஷயத்துக்கு நான் பதிலே சொல்லியிருக்க முடியாது.

22 வருஷமா இந்த வேலைல இருக்கேன். நான் வேலை கத்துக்கிட்ட காலத்துல கொஞ்சம் வசதியான வீடுன்னா எல்லா பெட்ரூமுக்கும் போன் வயர் இழுப்போம். அடுத்து எல்லா ரூமுக்கும் டிவி கேபிள் கேட்டாங்க. அதுக்கப்புறம் கேமராவுக்கு 3+1 வயர். இன்னைக்கு அதுல எந்த வயர் உயிரோட இருக்கு சொல்லுங்க? எல்லாமே செத்துப் போச்சு. ஆனா அந்த வயர் போன பைப் இருக்குதே, அது இன்னைக்கும் வேலை செய்யுது. அதனால எதிர்காலத்துல என்ன வரும்னு யோசிச்சு வயரை இழுத்து வைக்காதீங்க, வயர் போற வழியை மட்டும் தாராளமா விட்டு வைங்க.

ஒரு வீட்டு கதை சொல்றேன். அழகாபுரத்துல 2003ல நான் ஹெல்பரா போன வீடு, வீட்டுக்கார ஐயா ரூம் ரூமா போனுக்கு ஒரு இன்ச் பைப் தான் போடணும்னு பிடிவாதமா நின்னாரு, எங்க மேஸ்திரி கூட எதுக்குங்க வீண் செலவுன்னு சொன்னாரு. கொரோனா சமயத்துல பேரப் பசங்களுக்கு ஆன்லைன் கிளாஸ், மாடி ரூம்ல வைஃபை எடுக்கல, என்னைக் கூப்பிட்டாங்க. போன் சாக்கெட்டை கழட்டுனேன், உள்ள பழைய ரெட்டை வயர் தொங்குச்சு. அதோட நுனில லேன் கேபிளை, அதாவது நெட் போற வயரைக் கட்டி, முடிச்சு மேல டேப்பை இறுக்கமா சுத்தி, கேபிள் மேல முகத்துக்குப் போடுற பவுடரைத் தடவிக்கிட்டே கீழ இருந்து பையன் தள்ள நான் மேல இருந்து இழுத்தேன். ரெண்டாவது பெண்டுல லேசா பிடிச்சுச்சு, கொஞ்சம் பின்னாடி விட்டு மறுபடி இழுத்தா சரசரன்னு வந்துருச்சு. அரை மணி நேரம்தான் ஆச்சு. அதே தெருவுல, அதே வயசு வீடு இன்னொண்ணு, முக்கா இன்ச் பைப், திரும்புற இடமெல்லாம் எல்போ, அதாவது சட்டுன்னு மடங்குற துண்டு. வயர் இழுக்கிற ஸ்பிரிங் விட்டுப் பார்த்தேன், முதல் எல்போவைத் தாண்டவே இல்ல. கடைசில சுவத்தை வெட்டித்தான் பண்ணோம்.

அதனால திங்கட்கிழமை உங்க அண்ணன்கிட்ட சண்டை போடாம இதை மட்டும் கேட்டு வாங்குங்க. தளத்துக்குள்ள போற மெயின் லைன் எல்லாம் ஒரு இன்ச் பைப், அதாவது 25 எம்எம், மீடியம் இல்லன்னா ஹெவி. லைட்டுன்னு விக்கிற மெல்லிசு ரகப் பைப் தளத்துக்குள்ள வேண்டவே வேண்டாம், காங்கிரீட் கொட்டுறவங்க மிதிச்சா நசுங்கிரும், நசுங்குனது உங்களுக்கு வயர் இழுக்கிற அன்னைக்குத்தான் தெரியும். பேன் பாயிண்டுக்கு, லைட் பாயிண்டுக்கு கடைசியா பிரியுற இடத்துக்கு முக்கா இன்ச் போதும், அதுல உங்க அண்ணன் சொல்றது தப்பு இல்ல. திரும்புற இடத்துல எல்போ வேண்டாம், நீள வளைவு பெண்டு போடச் சொல்லுங்க. ரெண்டு பாக்ஸுக்கு நடுவுல ரெண்டு பெண்டுக்கு மேல வந்தா நடுவுல ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைக்கணும். பைப்புக்குள்ள வயர் எப்பவும் பாதிக்கும் குறைவாத்தான் இருக்கணும், 40 சதவீதம்னு ஒரு கணக்கு சொல்வாங்க, மீதி காலி இடம்தான் உங்க பிள்ளைங்களுக்கு. பைப் கீழ் கம்பிக்கு மேல போகணும், பத்து பைப்பையும் ஒண்ணா சேர்த்துக் கட்டாம இடைவெளி விட்டுக் கொண்டு போகணும், இல்லன்னா அந்த இடத்துல தளம் பலவீனமாயிரும், மேஸ்திரியும் விட மாட்டாரு.

ஜாயிண்ட் எல்லாத்துக்கும் பைப் ஒட்டுற சொல்யூஷன் தடவச் சொல்லுங்க, சும்மா சொருகி விட்டுருவாங்க. பேன் பாக்ஸ் வாயிலயும் பைப் வாயிலயும் பேப்பரை அடைச்சு டேப் ஒட்டணும். சிமெண்ட் பால் உள்ள இறங்குச்சுன்னா கல்லா இறுகிரும், அதை எடுக்க மருந்தே கிடையாது. தளம் போடுற அன்னைக்கு நீங்க லீவ் போட்டுட்டு மேலயே நில்லுங்க.

அடுத்தது நியூட்ரல், அதாவது பேஸ் வயர்ல வர்ற கரண்ட் திரும்பிப் போற வயர். இதை நிறைய பேரு கவனிக்கிறதே இல்ல. எல்லா சுவிட்ச் பாக்ஸுக்கும் நியூட்ரல் வயர் வந்தே ஆகணும். பிளக் இருக்கிற போர்டுல எப்படியும் வந்துரும், ஆனா மாடிப்படிக்கு கீழயும் மேலயும் போட்டு அணைக்கிற டூவே சுவிட்ச், பாத்ரூமுக்கு வெளிய இருக்கிற சின்ன போர்டு, வாசல் லைட் சுவிட்ச் இதெல்லாம் பேஸ் மட்டும் போகும். ஸ்மார்ட் சுவிட்ச் பெரும்பாலும் நியூட்ரல் இல்லாம ஓடாது. இன்னைக்கு ஒரு வயர் சேர்த்து இழுக்கிறது பெரிய செலவே இல்ல. பாக்ஸும் டீப் பாக்ஸா, இப்ப தேவைப்படுறதை விட ரெண்டு மாடுல், அதாவது ரெண்டு சுவிட்ச் இடம் பெருசா போட்டு காலி இடத்துக்கு மூடித் தட்டு போட்டுருங்க.

இன்னொண்ணு, இன்வெர்ட்டர் லைன் நியூட்ரலையும் ஈபி லைன் நியூட்ரலையும் எந்த போர்டுலயும் கலக்க விடாதீங்க. பேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு புது வீட்ல பெட்ரூம் லைட்டைப் போட்டா ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா லைனை கட் பண்ற சுவிட்ச், விழுது. லைட்டை மாத்துனாங்க, ஆர்சிசிபியை மாத்துனாங்க, மூணு நாள் தேடுனாங்க. கடைசியா நான் போய் ஒவ்வொரு போர்டா கழட்டிப் பார்த்தா, ஒரே ஒரு லைட்டோட நியூட்ரலை பக்கத்துல கைக்கு எட்டுன பிளக் லைன் நியூட்ரல்ல முறுக்கி விட்டிருக்காங்க. போற கரண்டும் வர்ற கரண்டும் ஒண்ணா இருக்குதான்னுதான் ஆர்சிசிபி பார்க்கும், ஒரு வழியா போய் வேற வழியா திரும்புனா கசியுதுன்னு நினைச்சு விழத்தான் செய்யும். அது 30 மில்லி ஆம்பியர்ல விழுறது, உயிரைக் காப்பாத்துற சாமான், தொந்தரவா இருக்குன்னு பைபாஸ் பண்ண மட்டும் விட்றாதீங்க.

சமையக்கட்டுக்கு குறைஞ்சது ரெண்டு தனி 16 ஆம்பியர் லைன், டிபில இருந்து, அதாவது எல்லா லைனும் பிரியுற மெயின் பெட்டில இருந்து நேரா, 4 ஸ்கொயர் எம்எம் வயர்ல. பழைய ஆளுங்ககிட்ட 7/20ன்னு சொன்னா புரியும். இண்டக்‌ஷன் 2000 வாட்ஸ் இழுக்கும், பக்கத்துல ஓவன், கெட்டில் போட்டா லைட் போர்டுல இருந்து எடுத்த பிளக் எப்படித் தாங்கும்? உங்கம்மா வீட்ல நடந்தது அதுதான்.


டீ டைம்:

வயர்மேன் அண்ணன் சொன்னதோட ஒண்ணு. கரண்ட் கம்மியா இழுக்கிற பிஎல்டிசி மோட்டார் பேன் வாங்குறதா இருந்தா ரெகுலேட்டர் வேண்டாம், வெறும் சுவிட்ச் போதும். பழைய பேன் 75 வாட்ஸ் எடுக்கிற இடத்துல இது 30 வாட்ஸ் பக்கம்தான் எடுக்குது, ரெகுலேட்டர் வழியா கொடுத்தா உள்ள இருக்கிற சர்க்யூட் கெட்டுப் போகும். எங்க வீட்ல எல்லா போர்டுலயும் ரெகுலேட்டர் போட்டுட்டு இப்ப எல்லாத்தையும் கழட்டிட்டு இருக்கோம்.


ஏற்காடு காபித் தோட்டம்:

தம்பி, நான் ஏற்காட்டுல இருந்து எழுதறேன், நாகலூர் போற ரோட்டுப் பக்கம் எங்க வீடு. உங்க வீட்டுக்கு நேரா பொருந்தாது, ஆனா கன்னங்குறிச்சி மலை அடிவாரம்தானே, இடியைப் பத்தி மட்டுமாவது படிச்சுட்டுப் போங்க.

எங்க வீடு மாமனார் காலத்து கருங்கல் சுவர் வீடு. அதை வெட்டி பைப் பதிக்கிறதுங்கிற பேச்சுக்கே இடம் இல்ல. முன்னாடி மரச்சட்டம் மேல வயர் ஓடி கிளிப் அடிச்சு இருந்துச்சு, 9 வருஷம் முன்னாடி மொத்தமா எடுத்துட்டு, சீலிங் ஓரமா வெளிலயே ஒரு இன்ச் பைப் ஓட்டி, ரூம் ரூமுக்கு ஒரு பாக்ஸ் வச்சு, அதுல இருந்து கீழ சுவிட்சுக்கு இறக்கிட்டோம். பார்க்க அழகா இருக்காதேன்னு எங்க வீட்டுக்காரர் மனசே இல்லாமத்தான் ஒத்துக்கிட்டாரு. சுவர் கலர்லயே பைப்புக்கும் பெயிண்ட் அடிச்சுட்டோம், இப்ப யாரு வந்தாலும் அது கண்ணுலயே படுறது இல்ல. இந்த 9 வருஷத்துல மூணு தடவை லைன் மாத்தியிருக்கோம், ஒரு தடவை கூட கொத்தனாரைக் கூப்பிடல. அதனால உங்களுக்கும் நான் சொல்றது, ஹால், பெட்ரூம் எல்லாம் உள்ளுக்குள்ள பதிச்சுக்கங்க, ஆனா கார் நிறுத்துற இடம், மோட்டார் ரூம், மொட்டை மாடி, வாஷிங் ஏரியா இந்த மாதிரி இடத்துல பைப் வெளிய ஓடட்டும். அடிக்கடி மாறப்போறது அந்த இடங்கள்தான்.

இப்ப இடி. சித்திரை வைகாசில இங்க சாயங்காலம் ஆனா இடி மின்னல்தான். 2019 மே மாசம்னு நினைவு, மழை கூட இன்னும் ஆரம்பிக்கல, ஒரே ஒரு இடி, வீடே வெளுத்துப் போய் ஒரு சத்தம். ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், டிவி மூணும் போச்சு, ஆனா மெயின் சுவிட்ச் விழவே இல்ல. எப்படின்னு பார்த்தா வீட்ல இருந்து காபி களத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஸ்டோர் ரூமுக்கு கேமராவுக்காக லேன் வயர் இழுத்திருந்தோம், 60 மீட்டர் இருக்கும், சில்வர் ஓக் மரத்து மேலயே கட்டி. அந்தச் செப்பு வயர் வழியாத்தான் உள்ள வந்திருக்கு. ரவுட்டரைத் திறந்து பார்த்தப்ப அந்த போர்ட் இருக்கிற மூலை மட்டும் கரிக்கட்டையா இருந்துச்சு, மத்த பக்கம் புதுசு மாதிரி பச்சையா இருந்துச்சு.

அதுக்கப்புறம் அந்த லைனை ஃபைபரா மாத்திட்டோம். ஒரு கட்டடத்துல இருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போறதுக்கு ஃபைபர்தான் சரி, கண்ணாடி இழைல கரண்ட் போகாது. ஆனா வாங்கும்போது பார்த்து வாங்கணும், சில ஃபைபர் கேபிள்ல தாங்குறதுக்காக இரும்புக் கம்பி கூடவே வரும், அது இருந்தா பிரயோஜனம் இல்ல. கம்பி இல்லாததைக் கேட்டு வாங்குங்க. அதோட டிபில எஸ்பிடி வச்சோம், சர்ஜ் வந்தா எர்த்துக்குத் திருப்பி விடுற சாமான். அது வேலை செய்யணும்னா எர்த் நல்லா இருக்கணும். எங்களுக்கு ரெண்டு அடி தோண்டுனா பாறை, முதல்ல போட்ட எர்த் குழி பேருக்குத்தான் இருந்துச்சு. அப்புறம் ஓடைப் பக்கம் ஈரம் நிக்கிற மண்ணுல ரெண்டு குழி தோண்டி, கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டு, ரெண்டையும் இணைச்சு, மீட்டர் வச்சு அளந்து பார்த்தப்பதான் 5 ஓமுக்குக் கீழ வந்துச்சு. உங்க வயர்மேன்கிட்ட குழி வெட்டியாச்சான்னு மட்டும் கேட்காதீங்க தம்பி, எத்தனை ஓம்னு அளந்து காட்டச் சொல்லுங்க.


கன்னங்குறிச்சி வீடு:

அக்கா, இதை நான் யோசிக்கவே இல்ல. பின்னாடி தண்ணி மோட்டார் ரூம் தனியாத்தான் வருது, அங்க கேமராவுக்கு லேன் இழுக்கலாம்னு இருந்தேன். இப்ப ஃபைபர் போற மாதிரி மண்ணுக்கடியில ஒரு காலி பைப் மட்டும் போட்டு வச்சுக்கறேன்.

வயர்மேன் அண்ணா, எல்லாம் எழுதி வச்சுக்கிட்டேன். கார், சோலார் பத்தி மட்டும் நீங்க சொல்லலையே?


சூரமங்கலம் அப்பார்ட்மெண்ட்:

தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு சந்தேகம் கேட்கிறேன். எல்லாமே வயர்லெஸ் ஆகிட்டு இருக்கிற காலத்துல இவ்ளோ பைப்புக்கு எதுக்குங்க செலவு? என் பிளாட்ல ஒரு ரவுட்டர்தான், எல்லாம் வைஃபைலயே ஓடுது. அந்தக் காசை நல்ல வயர் வாங்கப் போடலாமே.


நெட்வொர்க் வேலை:

சூரமங்கலம் நண்பரே, கேள்வி நியாயமானதுதான். பிளாட் ஒரே தளம், 900 சதுர அடிக்கு ஒரு ரவுட்டர் தாங்கும். ரெண்டு தளம், நடுவுல கம்பி கட்டுன காங்கிரீட்னா அப்படி இல்ல, சிக்னல் மேல போறதுக்குள்ள பாதி செத்துரும். வைஃபை நல்லா வரணும்னா ஒவ்வொரு தளத்துக்கும் நடுவுல ஒரு ஆக்சஸ் பாயிண்ட், அதாவது வைஃபை சிக்னல் கொடுக்கிற பெட்டி வேணும், அந்த ஆக்சஸ் பாயிண்டுக்கு வயர் வேணும். வயர்லெஸ் நல்லா ஓடுற வீட்டுல எல்லாம் உள்ள வயர் ஓடியிருக்கும்ங்க.

கன்னங்குறிச்சி தம்பி, நான் 11 வருஷமா ஆபீஸ், வீடுன்னு நெட்வொர்க் போடுற வேலைதான் பண்றேன். உங்களுக்கு முதல்ல முடிவு பண்ண வேண்டியது ஒரே ஒரு இடம். எல்லா லேன் வயரும் வந்து சேர்ற இடம். நம்ம ஊர்ல ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்க வர்றவங்க வாசல் பக்கம் ஜன்னல் ஓட்டை வழியா விட்டு, அங்கயே பெட்டியை மாட்டிட்டுப் போயிருவாங்க, வீட்டோட ஒரு மூலைல வைஃபை, இன்னொரு மூலைல ஒண்ணும் இல்ல. மாடிப்படிக்குக் கீழயோ பூஜை ரூம் பக்கத்துலயோ நடுவுல ஒரு சின்ன அலமாரி மாதிரி விடுங்க, காத்து போக ஓட்டை இருக்கணும், உள்ள நாலு பிளக், அதுல ஒண்ணாவது இன்வெர்ட்டர் லைன். வெளிச் சுவர்ல தெருக் கம்பத்தைப் பார்த்த இடத்துல இருந்து இந்த அலமாரிக்கு ஒரு இன்ச் காலி பைப். இந்த அலமாரில இருந்து ஒவ்வொரு ரூமுக்கும் தனித்தனியா பைப். ஒரு ரூம்ல இருந்து அடுத்த ரூமுக்குத் தொடுத்துக்கிட்டே போகக் கூடாது, ஒண்ணு அறுந்தா பின்னாடி இருக்கிறது எல்லாம் போயிரும். கரண்ட் போற பைப்புக்குள்ள லேன் வயர் கண்டிப்பா போகக் கூடாது, பக்கத்துல ஓடுனாலும் ஒரு அடி தள்ளி ஓடணும், குறுக்க தாண்டணும்னா நேர் குறுக்கா தாண்டட்டும்.

கேமரா நாலு மூலைக்கும் இதே மாதிரி பைப். முன்னாடி கேமராவுக்கு கரண்ட் தனி, வீடியோ தனின்னு 3+1 போட்டோம், இப்ப ஒரே லேன் வயர்லயே கரண்டும் போயிருது, பிஓஇன்னு சொல்றது. அது வழியா கொடுக்கிற கரண்டுக்கு வயர் முழுச் செப்பா இருக்கணும். கடைல கேட் 6ன்னு பேர் போட்டு அலுமினியத்து மேல செப்பு முலாம் பூசினதும் விக்கிறாங்க, விலை பாதி, எடையும் குறைவு. உள்ள இருக்கிற ஒரு இழையை எடுத்து பிளேடால சுரண்டிப் பாருங்க, வெள்ளையா தெரிஞ்சா திருப்பிக் கொடுத்துருங்க. செப்புன்னா எவ்ளோ சுரண்டுனாலும் செவப்பாத்தான் இருக்கும். நல்ல கேட் 6 வயர் 100 மீட்டர் வரைக்கும் 1 ஜிகாபிட் தாங்கும், 10 ஜிகாபிட் கூட 55 மீட்டர் வரைக்கும் போகும், உங்க வீட்ல எந்த ரூமும் அவ்ளோ தூரத்துல இல்ல.

ஸ்மார்ட் சுவிட்ச் விஷயத்துல ஒரே கம்பெனி ஆப்ல மாட்டிக்காதீங்க. கம்பெனி சர்வரை நிறுத்திட்டா சாமான் வெறும் பிளாஸ்டிக். 2022 அக்டோபர்ல மேட்டர்னு ஒரு பொது ஸ்டாண்டர்டு வந்திருக்கு, பல கம்பெனிங்களும் சேர்ந்து கொண்டு வந்தது, வாங்குறப்ப அது இருக்குதான்னு பார்த்து வாங்குங்க. எது வாங்குனாலும் நெட் இல்லாதப்ப கையால தட்டுனா லைட் எரியணும்.


மூத்த மருமகள்:

கடைசி வரி ரொம்ப முக்கியம். எங்க வீட்டுக்காரர் ஆசைப்பட்டு எல்லாத்தையும் டச் சுவிட்சா மாத்துனாரு, மாமியாருக்கு 78 வயசு, ராத்திரி எழுந்து கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கிற பலகையைத் தடவித் தடவி எது லைட்டுன்னு தெரியாம நின்னாங்க. அவங்க ரூம்ல மட்டும் பழைய மாதிரி தட்டுற சுவிட்சா மாத்திட்டோம். வீட்ல எல்லாருக்கும் வயசாகும்ங்க, அதையும் சேர்த்து யோசிங்க. கட்டில் பக்கத்துல டூவே சுவிட்ச், படுக்கையில இருந்து பாத்ரூம் போற வழில கீழ ஒரு சின்ன லைட் பாயிண்ட், வாசல்ல காலிங் பெல்லுக்குப் பக்கத்துல கேமரா பெல் வைக்கிறதுக்கு ஒரு காலி பாக்ஸ். பிளக் எல்லாம் தரையோட ஒட்டி வைக்காதீங்க, முட்டி வலி உள்ளவங்க குனிய முடியாது, ஒன்றரை அடிக்கு மேல வைங்க.


செவ்வாப்பேட்டை வயர்மேன்:

அம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரி.

தம்பி, கார் பத்தி கேட்டீங்க. சாதாரண 16 ஆம்பியர் பிளக்ல போடுற சார்ஜர் 3.3 கிலோவாட், சுவத்துல மாட்டுறது 7.4 கிலோவாட், அதுக்கு 32 ஆம்பியர் போகும், 6 ஸ்கொயர் வயர் வேணும். அதுக்கு மேல 11 கிலோவாட்டுன்னா மூணு பேஸ். எது வாங்குவீங்கன்னு இப்ப தெரியாது, அதனால மீட்டர் போர்டுல இருந்து கார் நிறுத்துற சுவத்துக்கு ஒன்னேகால் இன்ச் பைப் ஒண்ணு காலியா விடுங்க, அஞ்சு வயர் போனாலும் தாராளமா போகும். கூடவே ஒரு லேன் பைப்பும். அப்ப அதுக்கு தனி ஆர்சிசிபி வேணும், சாதாரணமா வீட்டுக்குப் போடுற, ஏசி கரண்ட் கசிவை மட்டும் பார்க்கிற 'ஏசி டைப்' ஆர்சிசிபி கார் சார்ஜருக்கு ஆகாது, அது டிசி கசிவை சரியா பிடிக்காது.

சோலாருக்கு மொட்டை மாடில இருந்து மீட்டர் போர்டு வரைக்கும் நேரா, பெண்டு இல்லாம, வெளிச் சுவர் ஓரமா ரெண்டு ஒரு இன்ச் பைப். 1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் 100 சதுர அடி வேணும், அதனால தண்ணி டேங்கை தெற்குப் பக்கம் வச்சு நிழல் விழ வச்சுராதீங்க, இதை மேஸ்திரிகிட்ட இப்பவே சொல்லணும். மத்திய அரசு 2024ல கொண்டு வந்த சூர்யா கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கு, வைக்கிறப்ப விசாரிச்சுக்கங்க.

டிபியை மூணு பேஸ் 8 வே வாங்குங்க, இப்ப பாதிதான் நிறையும், நிறையட்டும்னு விட்ருங்க. டிபில லைனுக்கு ஒண்ணா இருக்கிற ஒவ்வொரு எம்சிபி சுவிட்சுக்குக் கீழயும் எந்த ரூம், எந்த லைன்னு தமிழ்லயே எழுதி ஒட்டுங்க.

ஒண்ணு மறந்துட்டேன். பூச்சுக்கு முன்னாடி எல்லா சுவத்தையும் போட்டோ எடுங்க. சும்மா எடுக்காதீங்க, டேப்பை விரிச்சு மூலைல இருந்து எத்தனை அடி, தரைல இருந்து எத்தனை அடின்னு தெரியுற மாதிரி வச்சு எடுங்க. தளத்துக்கும் காங்கிரீட் போடுறதுக்கு முன்னாடி அதே மாதிரி. பின்னாடி யாராவது திரை மாட்ட டிரில் போடுறப்ப அந்த போட்டோதான் காப்பாத்தும்.


கன்னங்குறிச்சி வீடு:

எல்லாருக்கும் நன்றிங்க. தளம் போட்டாச்சு, என்ன நடந்துச்சுன்னு எழுதறேன்.

திங்கட்கிழமை வயர்மேன் அண்ணன்கிட்ட பொறுமையா உக்காந்து பேசுனேன். முதல்ல ஒத்துக்கல, அழகாபுரம் வீட்டுக் கதையைப் படிச்சுக் காட்டுனேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, சரி தம்பி உன் வீடு, நீ சொல்ற மாதிரியே போட்டுருவோம்னாரு. மெயின் எல்லாம் ஒரு இன்ச் மீடியம், பெண்டு. அலமாரி மாடிப்படிக்குக் கீழன்னு முடிவு பண்ணிட்டோம். காலி பைப் எல்லாத்துக்குள்ளயும் நைலான் கயிறு விட்டு ரெண்டு நுனியையும் முடிச்சுப் போட்டு வச்சிருக்கு. போட்டோ மட்டும் 64 எடுத்திருக்கேன், டேப் வச்சு.

காங்கிரீட் அன்னைக்கு லீவ் போட்டுட்டு மேலயே நின்னேன். மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் பின் பெட்ரூம் மேல வைப்ரேட்டர் விடுறப்ப ஒரு ஜாயிண்ட் கழண்டு பைப் மேல தூக்கிக்கிச்சு. வயர்மேன் அண்ணன்தான் முதல்ல பார்த்தாரு, நிறுத்துங்க நிறுத்துங்கன்னு கத்திக்கிட்டே செருப்போட காங்கிரீட்ல இறங்கி, கையாலயே வழிச்சு எடுத்துட்டு, துணியால பைப் வாயைத் துடைச்சு, சொல்யூஷன் தடவி சொருகி, கட்டுக்கம்பியால கம்பியோட சேர்த்து இறுக்கிட்டாரு. அஞ்சு நிமிஷம் வேலை நின்னுச்சு.

நேத்து சென்ட்ரிங் பிரிச்சாங்க. முதல் வேலையா பேன் பாக்ஸ்ல அடைச்ச பேப்பரை எல்லாம் எடுத்துட்டு ஒவ்வொரு கயிறா இழுத்துப் பார்த்தோம். பதினேழு பைப்ல பதினாறு ஓடுது, அந்தக் கழண்ட ஜாயிண்ட் பைப்பும் சேர்த்து. கிச்சன் பக்கம் ஒண்ணு மட்டும் கயிறு அசையவே இல்ல. நாளைக்குக் காலைல அண்ணன் ஸ்பிரிங் கொண்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு. அதுலயும் வரலைன்னா அந்த ஒரு லைனை மட்டும், ஏற்காடு அக்கா சொன்ன மாதிரி, வாஷிங் ஏரியா பக்கமா வெளிய ஓட்டிக்கலாம்னு பேசி வச்சிருக்கோம்.